ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிகிரி என்றார்கள், ஹால் டிக்கெட்டில் பி.பி.ஏ. என்று இருந்தது

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கேட்டரிங் காலேஜ்களிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்துவிடும். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மழுப்புவார்கள். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன், ஏனென்றால் என்னோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். மதுரையில் ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்த, நான் சேர்ந்த அந்தக் கேட்டரிங் காலேஜின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, போர்டில் இப்போது வேறு பெயர்.

மூன்று வருட டிகிரி, ஸ்டார் ஹோட்டலில் டிரெய்னிங், முடித்ததும் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை. இதுதான் சேரும்போது சொன்னது. "தம்பிக்கு இங்கிலீஷ் வராட்டிப் பரவாயில்லைங்கய்யா, நாங்க பாத்துக்கிறோம்" என்று அப்பாவிடம் அவ்வளவு பணிவாகப் பேசினார்கள். அப்பா கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து முதல் வருடக் கட்டணம் கட்டினார். செஃப் கோட்டுக்கும் கத்தி செட்டுக்கும் தனிக் காசு. கோட் வந்தது, கத்தி கடைசிவரை வரவில்லை. பத்தாவது, ப்ளஸ் டூ அசல் மார்க் ஷீட்டுகளை 'வெரிஃபிகேஷனுக்கு' என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

முறையான கல்லூரியில் இந்தப் படிப்புக்கு நான்கு கால்கள்: ஃபுட் புரொடக்ஷன் (சமையல்), எஃப் அண்ட் பி சர்வீஸ் (உணவும் பானமும் பரிமாறுவது), ஃப்ரன்ட் ஆஃபீஸ் (வரவேற்பு), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு). முதலில் பேசிக் டிரெய்னிங் கிச்சன், அங்கே மாணவன் தன் கையால் வெட்டி, வதக்கி, தட்டில் வைக்க வேண்டும். அடுத்து பெரிய அளவில் சமைக்கும் குவான்டிட்டி கிச்சன். படுக்கை விரித்துப் பழக ஓர் அறை, பரிமாறிப் பழக ஒரு ரெஸ்டாரன்ட். எங்களுக்கு இருந்தது இரண்டு பர்னர் அடுப்பு ஒன்று. சார் சமைப்பார், நாங்கள் சுற்றி நின்று ஜர்னல் எழுதுவோம். மற்ற சாஸ்களுக்கெல்லாம் அடிப்படையான ஐந்து 'மதர் சாஸ்' பெயரும் எனக்கு மனப்பாடம். கண்ணால் பார்த்தது தக்காளி சாஸ் மட்டும், அதுவும் பாட்டிலில். ஹவுஸ்கீப்பிங்கிற்கு இரண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டு மேலே பெட்ஷீட் விரித்தோம்.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். முகூர்த்த நாட்களில் வகுப்பே கிடையாது. வேன் வரும், திருப்பரங்குன்றத்துக் கல்யாண மண்டபங்களுக்கும் ரிங் ரோட்டு மண்டபங்களுக்கும் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஓ.டி.சி. என்று அதற்குப் பெயர், அதாவது அவுட்டோர் கேட்டரிங். இரவு ரிசப்ஷனில் ஆரம்பித்து மறுநாள் மதியப் பந்தி முடியும்வரை நிற்க வேண்டும். ஆவணியிலும் தையிலும் வகுப்பறையைப் பார்த்த நாட்கள் குறைவு. கேட்டால், "ஆயிரம் பேருக்குச் சமைக்கிறதுதாம்ப்பா குவான்டிட்டி டிரெய்னிங்" என்பார் சார். மதுரைக் கல்யாணச் சமையல் மாஸ்டர்களிடம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்களை அடுப்பங்கரைப் பக்கம் விட்டால்தானே! இலை போடுவது, தண்ணீர் ஊற்றுவது, இலை எடுப்பது, அண்டா கழுவுவது. ஒருநாள் இரண்டு பையன்கள் காய்ச்சலில் வரவில்லை. கான்ட்ராக்டர் எங்களிடம் வந்து சத்தம்போட்டார்: "உங்க சாருக்கு ஆளுக்கு 700 ரூவா எண்ணிக் குடுத்திருக்கேன், ரெண்டு பேரு குறையுறீங்க?"

எங்களுக்கு அதுவரை கிடைத்தது சாப்பாடும் பஸ் காசும். டிரெய்னிங்குக்குப் பணம் கட்டியது நாங்கள், எங்கள் உழைப்புக்குக் கூலி வாங்கியது அவர்கள்.

அப்புறம் ஹால் டிக்கெட் வந்தது. வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், கீழே பி.பி.ஏ. (வணிக நிர்வாகப் பட்டம்), தொலைதூரக் கல்வி. ஹோட்டல் என்ற சொல்லே அதில் இல்லை. காரணம் பிறகு தெரிந்தது. ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் போன்ற படிப்புகளைத் தொலைதூர முறையில் நடத்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிப்பதில்லை. அதனால் ஏதோ ஒரு தபால் டிகிரியில் பெயரைப் பதிந்துவிட்டு, தங்கள் லெட்டர்பேடில் 'ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ' என்று ஒரு தாளும் தருகிறார்கள். ஒரு ஹோட்டலில் வேலை கேட்டுப் போனபோது எச்.ஆர். மேடம் முதலில் கேட்டது டிரெய்னிங் சர்டிபிகேட். அதை டிரெய்னிங் கொடுத்த ஹோட்டல் தர வேண்டும். மண்டப கான்ட்ராக்டர் என்ன தருவார்?

எங்கள் சீனியர்கள் சிலருக்கு நடந்தது இன்னும் மோசம். துபாய் வேலைக்கு என்று ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு விசிட் விசாவைக் கையில் கொடுத்தார்கள். அந்த விசாவில் வேலை செய்வதே சட்டவிரோதம். மத்திய அரசிடம் பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

மார்க் ஷீட்டைக் கேட்டபோது மீதிக் கட்டணத்தையும் கட்டு என்றார்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சில பெற்றோர் சேர்ந்து மனு கொடுத்தார்கள், போலீஸிலும் எழுதிக் கொடுத்தோம். மார்க் ஷீட் திரும்பி வந்தது. பணம் இன்னும் வரவில்லை.

இந்தத் துறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை கடினம், ஷிஃப்ட் நேரம் கொடுமை, ஆரம்பச் சம்பளம் சொற்பம், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் தேசியத் தேர்வு முகமை ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்புக்காக நடத்தும் என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு பற்றி ப்ளஸ் டூ படிக்கும்போதே விசாரியுங்கள். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. மதுரையிலேயே தனியார் கல்லூரிதான் என்றால், எந்தப் பல்கலைக்கழக இணைப்பு என்று கேட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள். அவர்கள் காட்டும் ஜெராக்ஸ் போதாது. கிச்சனைக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை அடுப்பு என்று எண்ணுங்கள். போன வருட மாணவர்கள் எந்த ஹோட்டலில் டிரெய்னிங் எடுத்தார்கள் என்று கேட்டு, அந்த ஹோட்டலுக்கே ஃபோன் போடுங்கள். அசல் மார்க் ஷீட் கேட்டால் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், நோட்டீஸ் எதையும் அழிக்காதீர்கள். எங்கள் மனுவோடு வைத்த அவர்களின் அச்சடித்த நோட்டீஸில் '3 வருட டிகிரி' என்று பெரிய எழுத்தில் இருந்தது, அதற்கு மட்டும் அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.