7 டெஸ்லாவில் உட்செவிப் படம்: டைஎலக்ட்ரிக் பேட் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

7 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்ஆர்ஐ ஸ்கேனரில் தலையைப் படமெடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானதுதான். பெருமூளை அவ்வளவு நுணுக்கமாக வரும், கீழே சிறுமூளைப் பக்கம் போனால் இருட்டடிக்கும், காதை ஒட்டிய எலும்புக்குள் இருக்கும் காக்ளியா, அதாவது உட்செவியின் கேட்கும் சுருள், பாதி காணாமலே போய்விடும். காந்தப்புலம் கூடினால் படமெடுக்க அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் கூடும். இங்கே அது சுமார் 300 மெகாஹெர்ட்ஸ். மூளைத் திசுவுக்குள் அலைநீளம் 12 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் தலைக்குள்ளேயே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த அடி பெரும்பாலும் காதோரத்திலும் மூளையின் அடிப்பகுதியிலும்தான் விழுகிறது.

இதற்காக நாங்கள் வைப்பது டைஎலக்ட்ரிக் பேட். கால்சியம் டைட்டனேட் பொடியைக் கனநீரில் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) கெட்டியாகக் குழைத்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் அடைத்த பட்டை, அவ்வளவுதான். சாதாரணத் தண்ணீரில் குழைத்தால் பேடே படத்தில் பளிச்சென்று தெரியும், அதனால்தான் கனநீர். காதுக்கும், தலையைச் சுற்றி இருக்கும் ஆன்டெனாவான காயிலுக்கும் நடுவே வைத்ததும் பேடுக்குள் உண்டாகும் மின்னோட்டம் அந்த இடத்து ரேடியோ புலத்துக்குக் கைகொடுக்கிறது.

காதைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. உடல் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்கள் அறுபடாமல் சுற்றி வருகின்றன, காக்ளியாவின் சுருளுக்குள் இரண்டு திரவ அறைகளைப் பிரிக்கும் மெல்லிய தடுப்பைக்கூட நல்ல படத்தில் பார்க்க முடிகிறது, அதை முதலில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. சிறுமூளைக்கு அந்த அளவு இல்லை. மேல்பகுதி தெளியும், கழுத்தை ஒட்டிய பகுதிக்குப் பேட் எட்டுவதில்லை. அங்கே பல சேனல்களில் தனித்தனியாக அலை அனுப்பும் பேரலல் டிரான்ஸ்மிட்தான் சரி. ஆனால் அதற்கு ஒவ்வொருவருக்கும் ரேடியோ புலத்தின் வரைபடம் எடுக்க வேண்டும், அல்லது எல்லோருக்கும் பொருந்தும்படி முன்கூட்டியே தயாரித்த ரேடியோ பல்ஸ்கள் வேண்டும்.

தொல்லைகளும் உண்டு. காயிலுக்குள் இடமே குறைவு, இரண்டு பக்கமும் பேட் வைத்தால் ஹெட்போன் நுழையாது, காதுக்குள் செருகும் அடைப்பான்தான் வழி. தலை பெரிதாக இருப்பவர்களுக்குக் காதோரம் அழுத்தும், அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நாளாக ஆக ஈரம் வற்றிக் குழம்பு இறுகிவிடும், பலனும் குறையும். அவ்வப்போது எடை போட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் புதிதாகச் செய்துவிடுவதே நல்லது.

பேடால் தீராதவையும் இருக்கின்றன. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளால் ஸ்கேனரின் நிலையான முதன்மைக் காந்தப்புலம் கோணுவதை அது சரிசெய்யாது. எம்ஆர்ஐ படமெடுக்கும் இரண்டு முறைகளில், கிரேடியன்ட் எக்கோ படங்களில் இதனால் வரும் கறுப்பு அப்படியே நிற்கும், ஸ்பின் எக்கோ வகைதான் ஓரளவு தாங்கும். அப்புறம் மேசை உள்ளே போகும்போது சிலருக்கு வரும் தலைசுற்றல். வலுவான காந்தப்புலம் உட்செவித் திரவத்தில் ஓடும் அயனி மின்னோட்டத்தைத் தள்ளுவதுதான் காரணம் என்று 2011-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மேசையை மெதுவாக நகர்த்தினால் பலருக்குக் குறைகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பேட் வைத்த பிறகு ஷிம்மிங்கையும் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) ஆர்எஃப் பவர், அதாவது ரேடியோ அலையின் வலிமை அளவீட்டையும் காதுப் பகுதியிலேயே மறுபடி எடுங்கள். தலையின் நடுவில் எடுத்த அளவை நம்பினால் பேட் வைத்ததன் பலன் பாதிகூடக் கிடைக்காது.