எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, கேபிளா: குமரி மாவட்ட வீடுகளுக்கு எது ஒத்துவரும்?

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ கடையில் போய் "மாடியில வைஃபை கிடைக்கல்ல" என்று சொன்னால் முதலில் கைக்கு வருவது எக்ஸ்டெண்டர், அதாவது ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி. இன்னும் கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் மெஷ், அதாவது ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக ஓடும் பெட்டிகள். லேன் கேபிள் இழுத்து மேலே ஒரு அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாக்கும் பெட்டி) வையுங்கள் என்று சொல்பவர் அபூர்வம். அதில் கடைக்கு வியாபாரம் குறைவு, வீட்டுக்காரருக்கு வேலை அதிகம். ஆனால் இந்த மாவட்டத்து வீடுகளில் பெரும்பாலும் ஜெயிப்பது அந்த மூன்றாவதுதான்.

எதை வாங்குவதற்கு முன்பும் கோளாறு வைஃபையிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்று பிரித்துவிட வேண்டும். லேப்டாப்பை லேன் வயரில் ரூட்டருடன் நேரடியாக இணைத்து, 192.168.1.1 (ரூட்டரின் முகவரி), 8.8.8.8 (வெளியே உள்ள கூகுள் சர்வர்) இரண்டுக்கும் பத்து நிமிடம் தொடர்ச்சியாக பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். (சில ரூட்டரில் முதல் எண் 192.168.0.1 ஆக இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பார்கள்.) வயரிலேயே 8.8.8.8 விட்டுவிட்டு வந்தால் கோளாறு லைனில். எத்தனை மெஷ் வாங்கினாலும் தீராது. வயரில் இரண்டும் சுத்தமாக வந்து, வயரைக் கழற்றி வைஃபையில் பார்க்கும்போது மட்டும் ரூட்டருக்கான பிங் 2 மில்லிசெகண்டிலிருந்து 300-க்குத் தாவினால் கோளாறு வீட்டுக்குள்.

லைன் கோளாறு என்றால் ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். மோடத்தின் முகவரியை பிரவுசரில் திறந்தால் வரும் பக்கத்தில் ஆப்டிகல் ரிசீவ் பவர் என்று ஒரு எண் இருக்கும். -15 முதல் -25 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை விட்டுக் கீழே போகப் போகப் பலவீனம்) வரை நல்லது. -27-க்கும் கீழே போனால் மழை பெய்த அன்றெல்லாம் அறுபடும். தென்னை மட்டை விழுந்து வயர் இழுபட்டிருக்கலாம், ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆடிக்காற்றில் ஆடி ஆடி மடிந்திருக்கலாம். ஒட்டவைத்த இடத்தில் ஈரம் ஏறியிருப்பதும் உண்டு. கையால் மாட்டும் இன்ஸ்டன்ட் கனெக்டர் போட்டு ஒட்டியிருந்தால், மெஷின் வைத்து ஸ்பிளைஸ் செய்து (இழையை உருக்கி ஒட்டி) தரச் சொல்லிக் கேளுங்கள். சுவர் மூலையில் ஃபைபரைக் கம்பிபோல் மடித்து ஆணி அடித்திருந்தால், அந்த வளைவை மூன்று சென்டிமீட்டர் ஆரமாவது இருக்கும்படித் தளர்த்திவிட்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

இனி வீட்டுக்குள். பழைய வெட்டுக்கல் சுவர் ஒரு அடிக்கு மேல் கனம் இருக்கும், மழைக்காலத்தில் ஈரமும் குடிக்கும். புதிய வீடு என்றால் மாடிக்கும் கீழுக்கும் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ரூட்டர் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டில் (அலைவரிசையில்) அனுப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இந்த இரண்டு தடையிலும் சீக்கிரம் செத்துப்போகும், 2.4 ஒருவழியாக நுழைந்து வரும், ஆனால் வேகம் குறையும், அக்கம்பக்கத்து ரூட்டர்களின் நெரிசலும் அங்கேதான்.

எக்ஸ்டெண்டரின் அடிப்படைக் குறை இங்கே வெளிப்படுகிறது. அது ரூட்டரிடமிருந்து காற்றில் வாங்கிக் காற்றிலேயே திருப்பி அனுப்புகிறது. ஒரே பேண்டில் இரண்டு வேலையும் செய்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னல் கிடைக்காத அறையிலேயே அதைக் கொண்டுபோய்ச் சொருகுவதுதான் வழக்கமான தவறு. தனக்கே கிடைக்காததை அது யாருக்குக் கொடுக்கும்? போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு, ரூட்டரின் சிக்னல் -65 டிபிஎம் அளவில் இருக்கும் இடத்தில், அதாவது பாதி வழியில், வைக்க வேண்டும். ஓட்டு வீட்டில், நடுவே ஒரே ஒரு சுவர், அந்தப் பக்கம் போனில் வீடியோ பார்த்தால் போதும் என்றால் எக்ஸ்டெண்டர் தாராளம். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கும் வேண்டாம்.

மெஷ் இதைவிடப் புத்திசாலி. ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நீங்கள் நடக்க நடக்க போனை அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். ஆனால் விலை குறைந்த இரண்டு பேண்ட் மெஷ்ஷும் பெட்டிக்குப் பெட்டி பேச அதே 5 கிகாஹெர்ட்ஸைத்தான் நம்புகிறது. கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் அதுவும் எக்ஸ்டெண்டர் கதைதான். மூன்று பேண்ட் மெஷ் பரவாயில்லை, விலை ஏறும். மாடிப்படிக்கு நேர் கீழே ஒன்று, நேர் மேலே ஒன்று என்று வைத்தால் தளத்தைத் துளைக்காமல் படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை போகும். மெஷ் வாங்கியவர்கள் இதை முதலில் செய்து பாருங்கள். லேன் போர்ட் உள்ள மெஷ் என்றால் பெட்டிகளைக் கேபிளால் இணைக்கலாம். அப்படி இணைத்தால் அருமையாக ஓடும். ஆனால் கேபிள் இழுப்பது என்று முடிவான பின் மெஷ் எதற்கு என்ற கேள்வியும் வரும்.

கேபிளுக்கு வருவோம். கேட் 6 (Cat 6) வகை, சுத்தமான செம்பு. செம்புப் பூச்சு அலுமினியக் கேபிள் விலை குறைவு, எளிதில் ஒடியும், கடலோரக் காற்றில் முனைகள் சீக்கிரம் கெடும். குளச்சல், முட்டம் பக்கம் அதை வாங்கவே வேண்டாம். வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 100 மீட்டர் வரை தடையில்லை. கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் விடாதீர்கள், தனி பிவிசி பைப் போடுங்கள். கேபிள் முனைகளில் பிளக் மாட்டியதும் உள்ளே எட்டு வயரும் பிடித்திருக்கிறதா என்று டெஸ்டரில் பார்க்க வேண்டும். நான்கு மட்டும் பிடித்தால் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றுவிடும், 300 பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மாடியில் புது அக்சஸ் பாயிண்ட் அவசியமில்லை, பழைய ரூட்டரே போதும். முதலில் அதை மட்டும் லேப்டாப்பில் இணைத்து, லேன் முகவரியை 192.168.1.2 என்று (கீழே உள்ளது 192.168.0.1 என்றால் 192.168.0.2 என்று) மாற்றி, டிஹெச்சிபியை (DHCP, போன்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) நிறுத்துங்கள். பிறகு கீழேயிருந்து வரும் கேபிளை வேன் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் சொருகுங்கள். முகவரியை மாற்ற மறந்தால் இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்று மோதும்; டிஹெச்சிபியை விட்டுவிட்டால் "கனெக்டட், இன்டர்நெட் இல்லை" என்று போன் நிற்கும். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. 2.4-இல் கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-இல் கீழே 36, மேலே 149.

மெஷ்ஷுக்கு இங்கே ஒரு புள்ளி கொடுத்தாக வேண்டும். இந்த அமைப்பில் எந்தப் பெட்டிக்கு மாறுவது என்று போனேதான் முடிவெடுக்கும். ஐபோன் -70 டிபிஎம் வரை பழைய பெட்டியையே பிடித்துத் தொங்கும். இரண்டிலும் டிரான்ஸ்மிட் பவரை 'மீடியம்' ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேபிளின் நிஜமான எதிரி இடி. ஐப்பசி மாலைகளில் இங்கே இடிக்குப் பஞ்சமில்லை. சுவருக்கு வெளியே நீளமாகத் தொங்கும் செம்புக் கேபிளில் மின்னல் தூண்டும் அழுத்தம் இரண்டு முனையிலும் லேன் போர்ட்டை எரித்துவிடும். அதனால் வீட்டுக்குள்ளேயே விடுங்கள். முற்றத்தைத் தாண்டி அவுட்ஹவுசுக்கோ, பக்கத்தில் கட்டிய மகன் வீட்டுக்கோ போகவேண்டும் என்றால் செம்பு வேண்டாம். இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரும், இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

கரண்ட் வயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. த்ரீ ஃபேஸ் வீட்டில் மாடி வேறு ஃபேஸில் இருந்தால் ஒழுங்காக ஓடாது, ஸ்பைக் பஸ்டரில் சொருகினாலும் சொதப்பும். கடைசி வழி.

லைனே சரியில்லாத குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்தில் 5ஜி ஏர் ஃபைபர் (வயரில்லாமல் டவரிலிருந்து வரும் வீட்டு நெட்) யோசிக்கலாமா? யோசிக்கலாம், ஆனால் எப்போது சோதிக்கிறீர்கள் என்பது முக்கியம். ரப்பர் இலை உதிர்த்து நிற்கும் ஜனவரி வாக்கில் சிக்னல் அளந்தால் பிரமாதமாக இருக்கும். இலை தழைத்து, ஜூன் மழையில் நனைந்தபின், 3.3 கிகாஹெர்ட்ஸ் மேலுள்ள அலை அந்தத் தோப்பைத் தாண்டி வரத் திணறும். மழை நாளில் சோதித்து, டவர் பக்கம் மரம் மறைக்காத மொட்டை மாடி மூலை கிடைத்தால் மட்டும் போடுங்கள். ஃபைபரை உடனே துண்டிக்காமல், ஒரு மழைக்காலம் முடியும்வரை குறைந்த பிளானில் வைத்திருப்பது நல்லது.