பேலட் மரத்தில் கட்டிய கொட்டில்: ஆறு மழைக்காலம் கழித்து

கஜா புயல் கரையேறிய 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் ஆட்டுக்கொட்டில், கோழிக்கூண்டு, வைக்கோல் கொட்டகை மூன்றும் போய்விட்டன. கொல்லையில் நின்ற பதினோரு தென்னையில் ஏழு சாய்ந்தன. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுக் கரையோரம் எங்கள் ஊர். அடுத்து வந்த மாதங்களில் கீற்றுக்கும் மூங்கிலுக்கும் தகரத்துக்கும் இருந்த கிராக்கி டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மரமே விழுந்து கிடக்கும்போது கீற்றுக்கு எங்கே போவது? அப்போதுதான் துவாக்குடியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் போன் செய்தான். "பட்டறைக்கு மெஷின் வர்ற பேலட் எல்லாம் பழைய மரக்கடையில குவிஞ்சு கெடக்குண்ணே, ஒரு தடவ வந்து பாருங்க" என்றான்.

பேலட் என்றால், சரக்கை மேலே வைத்து ஏற்றி இறக்குவதற்காகக் கட்டைகளின் மேல் பலகை அடித்துச் செய்த மரத்தட்டு. 2019 மாசியில் அறுபது பேலட் வாங்கினேன். ஒன்று 180 ரூபாய். இரண்டு நடை குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. அந்த மரத்தில் ஆடுகள் நிற்கத் தரையை விட்டு உயர்ந்த பரண், கோழிக்கூண்டு, வைக்கோலுக்கு அடித்தளம், எருக்குழிக்குத் தடுப்பு, கொல்லைக்கு ஒரு படல் என்று ஐந்து வேலை செய்தோம். இப்போது 2025 புரட்டாசி. ஐந்தில் மூன்று நிற்கின்றன. போன இரண்டும் ஒரே காரணத்தால் போயின: மரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. நம் பக்கத்துக் களிமண்ணில் பேலட் மரத்தை நட்டு வைத்தால் இரண்டு வருடம்கூடத் தாங்காது. அதே மரத்தைத் தரையை விட்டுத் தூக்கி, மேலே கூரையும் போட்டால் ஆறு வருடம் கழித்தும் ஆணி இறங்க மறுக்கிறது.

முதலில் மரத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் பணம் அதிகம் வீணானது அதில்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டில் ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். இடப்பக்கம் கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்து, ஓர் எண், கடைசியில் எச்.டி. அல்லது எம்.பி. என்று இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிடம் அப்படியே இருக்கும்படி வெப்பமூட்டியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்து எடுத்தது. எம்.பி. போட்டதை நான் தொடுவதில்லை. ஆடு எந்த நேரமும் பலகையை நக்கிக்கொண்டும் கடித்துக்கொண்டும் இருக்கும். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ உள்ளதையும் ஒதுக்கிவிடுங்கள். இன்னொரு விஷயம், எச்.டி. முத்திரையைப் பார்த்ததும் இதைக் கரையான் அண்டாது என்று நினைத்துவிட வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சூடு, மரத்துக்குள் அப்போதிருந்த பூச்சியைக் கொல்வதற்கு மட்டும்தான். பிறகு வருகிற கரையானுக்கு அதுவும் மற்ற மரம் மாதிரிதான்.

உள்நாட்டுப் பேலட்டில் முத்திரை இருக்காது. என் அறுபதில் பதினெட்டு, ரப்பர் மரப் பேலட். கடைக்காரர் அடுக்கின் நடுவில் சொருகியிருந்தார். பார்க்க வழவழவென்று அழகாக இருந்தது. ஐந்தாவது மாதம் பலகைக்குக் கீழே மஞ்சளாக மாவு கொட்டத் தொடங்கியது. ஊசிமுனை அளவு ஓட்டைகள், விரலால் அழுத்தினால் உள்ளே போனது. ரப்பர் மரத்தில் உளுவண்டு சீக்கிரம் ஏறும் என்று ஆசாரி பிறகுதான் சொன்னார். அந்தப் பதினெட்டும் அடுப்புக்குப் போயின. பைன் மரம் லேசாக இருக்கும், அறுத்தால் பிசின் வாசம் வரும், வரிகள் தெளிவாகத் தெரியும். கடையில் ஒரு பலகையின் ஓரத்தை லேசாகச் சீவிப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை.

பிரிக்கும் வேலையைப் பலர் லேசாக நினைக்கிறார்கள். பேலட் ஆணியில் திருகு மாதிரி வரி ஓடும், சாதாரண ஆணி மாதிரி கொறடுக்கு வராது. கடப்பாரை போட்டு நெம்பினால் பலகை முனையில் பிளந்துவிடும். முதல் பத்துப் பேலட்டில் பாதிப் பலகையை அப்படித்தான் நாசமாக்கினேன். ஐரோப்பிய அளவுப் பேலட் ஒன்றில், 1200க்கு 800 மில்லிமீட்டர், எழுபத்தெட்டு ஆணி இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்க முடியாது. பலகைக்கும் கீழ்க்கட்டைக்கும் நடுவே மெல்லிய ஆப்பு ஒன்றைத் தட்டி இறக்கி, அந்த இடுக்கில் இரும்பறுக்கும் ரம்பத் தகட்டை விட்டு ஆணியையே அறுத்துவிட வேண்டும். ஆணித் தலை பலகைக்குள்ளேயே தங்கிவிடும், அதனால் கேடில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு பேலட் பிரிக்கலாம். மரம் மலிவு, உழைப்பு அதிகம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஆட்டுப் பரணில்தான் நான் பெரிய தவறு செய்தேன். அவசரத்தில் பேலட்டுகளைப் பிரிக்காமல் அப்படியே தரையாகப் போட்டுவிட்டேன். பலகைக்குப் பலகை நான்கு விரல் இடைவெளி. பெரிய ஆடுகள் சமாளித்துக்கொண்டன. மூன்றாம் நாள் இரவு குட்டி ஒன்று கத்துகிற சத்தம் கேட்டு டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னங்கால் இடுக்கில் இறங்கி, தொடை வரை மாட்டிக்கொண்டிருந்தது. தாய் ஆடு பக்கத்தில் நின்று அதன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. பலகையை வெட்டித்தான் காலை எடுத்தோம். எலும்பு முறிந்திருந்தது. அப்பாயி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள், மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து அந்தக் கட்டே சரியாக இருக்கிறது என்றார். இருபத்தைந்து நாளில் கால் ஊன்றியது. ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாளே ஆசாரி வந்தார். தரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மூட்டை நிக்கறதுக்குச் செஞ்ச பலகை, ஆடு நிக்கறதுக்கு இல்ல. எல்லாத்தையும் பிரிச்சுப் போடுங்க" என்றார். பெரிய ஆடுகளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி, குட்டிகள் இருக்கும் தடுப்பில் ஒரு சென்டிமீட்டர். ஒரே கனமுள்ள மரத்துண்டை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஆணி அடித்து, பிறகு துண்டை உருவிக்கொண்டே போனார். புழுக்கை கீழே விழுந்துவிடும், குளம்பு இறங்காது.

பரணின் கால்களாக, வேலி போடும் சிமெண்ட் கம்பம் நட்டோம், ஏழடியில் இரண்டடி மண்ணுக்குள். அதன் மேல் தாங்கு சட்டமாகப் புயலில் சாய்ந்த எங்கள் தென்னையையே அறுத்துப் போட்டோம். தென்னையின் அடிப்பகுதியில், வெளிச்சுற்று மட்டும்தான் வைரம் பாய்ந்திருக்கும். நடுப்பகுதி சோறு மாதிரி, வேலைக்கு உதவாது. சட்டத்துக்குச் சட்டம் ஒன்றரை அடி வைத்ததால் இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள பைன் பலகை வளையாமல் தாங்குகிறது. பன்னிரண்டு ஆடு நிற்கிறது. கூரைச் சட்டத்துக்கு மட்டும் பேலட் மரத்தை நம்ப வேண்டாம். நீளம் போதாது, ஒட்டுப் போட்டால் காற்றுக்கு நிற்காது.

ஆட்டு மூத்திரத்தில் சாதாரண ஆணி இரண்டே வருடத்தில் துருப்பிடித்து நூலாகிவிட்டது. பலகை ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியது. 2021 பங்குனியில் எல்லாவற்றையும் துருப்பிடிக்காத திருகாணியாக மாற்றினேன். ஆயிரத்து எழுநூறு ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. முதலிலேயே அதைப் போட்டிருக்க வேண்டும்.

கரையான் விஷயத்தில் சிமெண்ட் கம்பம் வைத்தாயிற்று என்று அசந்துவிட முடியாது. கம்பத்தின் மேலேயே பென்சில் கனத்துக்கு மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறிவிடும். வாரம் ஒருமுறை கம்பங்களை ஒரு சுற்றுப் பார்த்து, மண்குழாய் தெரிந்தால் தட்டிவிடுகிறேன். ஆடு வாய் வைக்காத தாங்கு சட்டங்களுக்குக் கீழ்ப்பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசியிருக்கிறேன். படகுக்குப் பூசுவார்களே, அதுதான். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும், எச்சரிக்கை. பலகைகளுக்கு வருடம் ஒருமுறை, ஆவணியில், வேப்பெண்ணெய் மட்டும்.

பேலட்டில் எனக்கு அதிகம் பயன்பட்டது எதுவென்று கேட்டால் வைக்கோல் அடித்தளம் என்றுதான் சொல்வேன். அதற்கு ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இப்போது எங்கள் பக்கம் இயந்திரம் வைத்து வைக்கோலைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். முன்பு அவற்றைத் தரையில் செங்கல் பரப்பி அடுக்குவோம். ஐப்பசி, கார்த்திகை தாண்டினால் அடி வரிசை முழுக்கப் பூசணம் பிடித்து, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். 2019 முதல் பேலட்டை அப்படியே பரப்பி, ஒவ்வொன்றின் மூலைக்கும் கீழே ஒரு சிமெண்ட் கல் வைத்து, அதன் மேல் அடுக்கி, தார்ப்பாய் மூடுகிறோம். கீழே காற்று ஓடுகிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் மூன்று நாள் நின்றது. அப்போதும் அடிக்கட்டு நனையவில்லை. அதைக் கையால் தொட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது. அந்த வருடம் தை வரை மாட்டுக்கு அதுதான் தீனி.

நெல் மூட்டைக்கும் அப்படியே. கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரும் வரை திண்ணையில் அட்டி போடுகிற மூட்டைகளைப் பேலட் மேல் வைத்தால் அடி மூட்டை ஈரம் ஏறாது. ஈரப்பதம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினால் படும் பாடு விவசாயிக்குத்தான் தெரியும்.

கோழிக்கூண்டு நிற்கிறது, ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு. பேலட்டை வெட்டாமல் சுவராக வைத்தால் பலகையும் கட்டையும் சேரும் இடுக்கெல்லாம் செள்ளுக்கு வீடாகிவிடும். பகலில் இடுக்கில் பதுங்கும், இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். அடைக்கோழி ஒன்று முட்டையை விட்டு எழுந்து ஓடியபோதுதான் கவனித்தேன். சுவரைப் பிரித்து ஒற்றைப் பலகையாக அடித்து, இடுக்குகளில் சுண்ணாம்பைக் கெட்டியாகப் பூசினேன். மரநாய், கீரிக்காக அரை அங்குலக் கம்பி வலையும் சுற்றி அடித்திருக்கிறேன்.

எருக்குழித் தடுப்பைக் கரையான் பதினான்கு மாதத்தில் தின்று தீர்த்தது. கொல்லைப் படலின் கால்கள் 2020 மழையில் அழுகி, மாடு ஒருமுறை உரசியதும் சாய்ந்தது. இரண்டையும் மறுபடி கட்டவில்லை.

செலவைச் சொல்ல வேண்டுமானால், பேலட், வண்டி, சிமெண்ட் கம்பம், தென்னை அறுவை, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து 2019இல் முப்பத்தெட்டாயிரம் சொச்சம். தகரக் கூரை தனி.

இந்த வாரம் பரணின் வாசலோரம் நான்கு பலகை மாற்ற வேண்டியிருக்கிறது. ஆடுகள் ஏறி இறங்கும் இடம், நடுவில் தேய்ந்து குழிந்துவிட்டது. பழைய பலகை ஒன்றைக் கழற்றி ஆசாரி கீழ்ப்பக்கத்தை இழைப்புளியால் இரண்டு தள்ளு தள்ளினார். உள்ளே மரம் வெள்ளையாக இருந்தது, பிசின் வாசமும் லேசாக வந்தது. "இத வீசிடாதீங்க தம்பி, குட்டித் தடுப்புக்குக் கதவு அடிச்சுத் தரேன்" என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுவோம்.