கிரைம் இன் இந்தியா: ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் படித்துப் பார்த்தால்

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (என்.சி.ஆர்.பி.) வெளியிடும் ‘கிரைம் இன் இந்தியா’ அறிக்கைக்குக் காசு கிடையாது. அவர்களின் இணையதளத்தில் மூன்று தொகுதிகளாக இருக்கிறது. அட்டவணைகளை எக்ஸெல் கோப்பாகத் தனித்தனியாகவும் எடுத்துக்கொள்ளலாம். போலீஸில் என் சர்வீஸில் பெரும்பகுதி, ஸ்டேஷனில் வழக்குகளை எழுதிவைக்கும் ரைட்டர் மேசையில்தான் போனது. இந்த அறிக்கையில் உள்ள எண்கள் எல்லாம் அந்த மாதிரி மேசையிலிருந்து கிளம்பி, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம் (டி.சி.ஆர்.பி.), மாநிலக் குற்ற ஆவணக் காப்பகம் (எஸ்.சி.ஆர்.பி.) வழியாக டெல்லி போய்ச் சேருபவை. அதனால் இதைக் கீழிருந்து மேலே படிப்பது எனக்குப் பழக்கம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் பதிப்பு 1953-ஆம் ஆண்டுக்கானது. இத்தனை வருடக் கணக்கு ஒரே இடத்தில் கிடைப்பதே பெரிய விஷயம். மாநில வாரியாக இருக்கிறது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 நகரங்களுக்குத் தனி அட்டவணைகளும் உண்டு. நம்மூரில் சென்னையும் கோவையும் அதில் வருகின்றன. வழக்குப் பதிவானதோடு நிற்காமல், போலீஸ் அதை என்ன செய்தது, கோர்ட்டில் என்ன ஆனது என்பது வரை போகிறார்கள்.

யார் கேட்டாலும் கொலை அட்டவணையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பிணம் கிடந்தால் அதை மறைத்து எழுதுவது கஷ்டம். 2022-இல் நாடு முழுக்க 28,522 கொலை வழக்குகள். அதில் 9,962 வழக்குகளுக்குக் காரணம் ‘தகராறு’ என்று இருக்கிறது. முன்விரோதம் அதில் பாதிகூட இல்லை. பணத்துக்காக நடந்த கொலைகள் அதைவிடவும் கம்மி. இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு எத்தனையோ எஃப்.ஐ.ஆர். ஞாபகத்துக்கு வருகிறது. வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, டாஸ்மாக் வாசலில் சில்லறைக்கு வந்த சண்டை எல்லாம் படிவத்தில் அந்த ஒரே கட்டத்துக்குள் போய்விடும். கூலிப்படை, கேங் என்று சினிமாவில் பார்ப்பதை வைத்து ஊரைப் புரிந்துகொள்கிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். இதிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 2024 ஜூன் வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கிணற்றில் மிதந்த உடல் முதலில் 174-ஆம் பிரிவில் சந்தேக மரணமாகத்தான் பதிவாகும். பி.எம். (பிரேதப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்தபிறகு, இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) கொலைக்கு இருந்த 302-க்கு செக்‌ஷன் ஆல்டர் ஆகும். டிசம்பரில் கிடைத்த உடல் அடுத்த வருடக் கணக்குக்குப் போக வாய்ப்பிருக்கிறது.

கொலையை விட்டுத் திருட்டுக்கு வந்தால் நம்பிக்கை மளமளவென்று குறைகிறது. புகார் கொடுப்பவருக்கு முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. அதில் ஒரு நம்பர் இருப்பதால் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் எஃப்.ஐ.ஆர். ஆகாத எதுவும் இந்த அறிக்கைக்குள் நுழையாது. நான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனில் (பெயர் வேண்டாம்) மாதாந்திர கிரைம் மீட்டிங் நெருங்கும்போது செல்போன் திருட்டெல்லாம் திடீரென்று நின்றுவிடும். “தொலைஞ்சு போச்சுன்னு எழுதி வாங்குய்யா” என்று உள்ளே இருந்து குரல் வரும். பஸ்ஸில் பிளேடு போட்டு எடுத்த போன்கூடத் தொலைந்த போன்தான். கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு சுவரில் ஒட்டியிருக்கும். மீட்டிங்கில் கேட்கப்படுவது போன மாதத்தைவிட எத்தனை கூடியது என்பது மட்டும்தான்.

அதனால் எண்ணிக்கை அதிகமாக உள்ள மாநிலம் மோசம், குறைவாக உள்ளது சொர்க்கம் என்று கணக்குப் போடாதீர்கள். கேரளத்தில் குற்ற விகிதம் (லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பது) உயரமாகத் தெரியும்; காரணம், அங்கே ஸ்டேஷனுக்குப் போனால் பதிவு செய்கிறார்கள். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று அறிக்கையே தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. டிவி விவாதத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் புத்தகத்தைத் திறப்பார்கள் போல.

2020 கணக்கு இதற்குச் சரியான உதாரணம். தமிழ்நாட்டில் ஐ.பி.சி. வழக்குகள் முந்தைய வருடம் சுமார் 1.68 லட்சம், 2020-இல் 8.9 லட்சத்தை ஒட்டிப் போய்விட்டது. வரைபடம் போட்டால் கோபுரம் மாதிரி நிற்கும். நாம் என்ன ஒரே வருடத்தில் அவ்வளவு கெட்டுப்போனோமா? லாக்டவுனில் வெளியே வந்தவர்கள்மேல் போட்ட கேஸ்கள்தான் அதில் பெரும்பகுதி. அரசு உத்தரவை மீறியதற்கான 188-ஆம் பிரிவில் மட்டும் நாடு முழுக்க 29,469 வழக்காக இருந்தது 6,12,179 ஆனது. கொலை எண்ணிக்கை 29 ஆயிரத்தைச் சுற்றியே நின்றது. மதுவிலக்கு, சூதாட்டம் போன்ற சிறப்புச் சட்ட வழக்குகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ரெய்டு நடந்தால் கேஸ் இருக்கும், நடக்காவிட்டால் இருக்காது.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ஒரு எஃப்.ஐ.ஆரில் நாலு பிரிவு இருந்தாலும் தண்டனை அதிகமுள்ள ஒன்று மட்டும்தான் கணக்கில் வரும். வீடு புகுந்து அடித்து, நகையைப் பறித்து, ஆளையும் கொன்றுவிட்டால் அது ஒரு கொலை, அவ்வளவுதான்.

தண்டனை விகிதம் என்கிற கட்டத்தைப் பார்த்தும் ஏமாந்துவிட வேண்டாம். அந்த வருடம் விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனைக்குத் தண்டனை என்பதே அது. ஆயிரம் வழக்கு தேங்கியிருந்து ஐம்பது முடிந்து நாற்பதில் தண்டனை கிடைத்தால் 80 சதவீதம். மிச்சம் 950 எங்கே? நிலுவை அட்டவணையில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கோர்ட் வராந்தாவில் சாட்சிகள் ஏன் வெறுத்துப்போகிறார்கள் என்று புரியும்.

குறை என்றால் முதலில் தாமதம். 2022 அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. 2023 அறிக்கைக்கு 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். என்ற கம்ப்யூட்டர் வலைப்பின்னல் வந்து எஃப்.ஐ.ஆர். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிற காலத்தில் இதற்குச் சமாதானமே கிடையாது. நகரங்களுக்கான விகிதத்தை இன்னும் 2011 மக்கள்தொகையை வைத்தே போடுகிறார்கள். அதற்குப்பிறகு கோவையில் எத்தனை பேர் குடிவந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷன் வாரியான கணக்கு இல்லை. தமிழிலும் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், நிருபர்கள், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் தாராளமாக எடுத்துப் படிக்கலாம். “என் ஏரியா பாதுகாப்பானதா” என்று தெரிந்துகொண்டு வீடு பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. தெருமுனை டீக்கடையில் விசாரிப்பது மேல்.

2024-ஐ முந்தைய வருடங்களோடு ஒப்பிடப் போகிறவர்களுக்கு ஒன்று. அந்த வருடம் ஜூன் வரை ஐ.பி.சி., ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.). சங்கிலிப் பறிப்பை முன்பு எந்தப் பிரிவில் போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் 379 என்று திருட்டில் போடுவார்கள், சிலர் 392 என்று வழிப்பறியில் போடுவார்கள். இப்போது பறிப்புக்கென்றே 304 வந்துவிட்டது. ஆகவே திருட்டும் வழிப்பறியும் குறைந்ததாக யாராவது படம் போட்டுக் காட்டினால், 304-க்கான வரியையும் கூட்டினீர்களா என்று கேளுங்கள்.