மாதம் ஆயிரம் ரூபாயும் ஓர் இனிஷியலும்: ஓர் அறக்கட்டளையின் நன்கொடையாளர் சேவை

மலைக்கிராமக் குழந்தைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு, 2022 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை மாதம் 1,000 ரூபாய் கொடுத்துவந்தேன். வகுப்புகளின் தரத்தை எடைபோடும் தகுதி எனக்கில்லை; பணம் கொடுப்பவரை அந்த அமைப்பு எப்படி நடத்துகிறது என்பதை மட்டும், கணக்கெழுதியே காலம் தள்ளியவன் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன். வேறு அமைப்புகளுக்குக் கொடுத்துவரும் நண்பர்களும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்வதால், பெயரைக் குறிப்பிடவில்லை.

தொடக்கம் கோவை ரயில் நிலைய வாசலில் நடந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக நின்ற இளைஞர், குழந்தைகளின் படங்களைக் காட்டி இரண்டே நிமிடத்தில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி முடித்தார். ஒருமுறை ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றேன். மாதந்தோறும் தருவதாக இருந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்றார். கேட்டபோது மறைக்காமல், தான் அறக்கட்டளையின் ஊழியர் அல்லர், நிதி திரட்டித் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர், மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு தனக்கு உண்டு என்பதையும் சொன்னார். அந்த வெளிப்படைத்தன்மைக்காகவே, மாதந்தோறும் கணக்கிலிருந்து பணம் தானாகப் பிடிக்கப்படும் ஆட்டோபேவுக்கு ஒப்புதல் கொடுத்தேன். நிதி திரட்டுவதற்குச் செலவு ஆகத்தான் செய்யும். அதைத் தனித் தலைப்பாகவே காட்டும் தணிக்கை அறிக்கை அவர்களுடைய இணையதளத்தில் இருந்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது.

காகித வேலையில் குறை சொல்ல இடமே இல்லை. பணம் போன சில நிமிடங்களில் ரசீது வந்துவிடும். நன்கொடைக்கான வருமான வரி விலக்கை, அதாவது 80ஜி விலக்கைக் கோருபவருக்கு ரசீது மட்டும் போதாது. 2021-22 நிதியாண்டு முதல், அறக்கட்டளையே தன் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, 10பிஇ என்ற சான்றிதழை மே 31-க்குள் கொடுப்பவருக்கு வழங்க வேண்டும். பட்டியலில் பான் எண் ஓர் எழுத்து பிசகினாலும் அலைச்சல்தான். எனக்கு இரண்டு ஆண்டும் சரியான எண்ணுடன், கெடுவுக்கு முன்பே சான்றிதழ் வந்தது.

குறை இருப்பது வேறிடத்தில். தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதன்படி ஒவ்வொரு மாதமும் ‘நாளை 1,000 ரூபாய் எடுக்கப்படும்’ என்ற செய்தி தவறாமல் வந்தது. எடுத்த பணம் என்னவாயிற்று என்று சொல்லும் செய்தி மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. அறக்கட்டளையிடமிருந்து வந்தவை ரசீதும், ‘டியர் எஸ்’ என்று தொடங்கும் நன்றி மடலும்தான். பதிவு செய்தபோது நம் வழக்கப்படி இனிஷியலை முன்னால் போட்டிருந்தேன். அவர்களுடைய மென்பொருள் அதையே என் பெயராக எடுத்துக்கொண்டது. ‘எஸ்’ என் தந்தையின் முதலெழுத்து. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மலைக்கிராமக் குழந்தைகளின் சார்பில் இருபத்து நான்கு மாதமும் நன்றியைப் பெற்றுக்கொண்டவர் அவர்தான். திருத்தக் கோரி இரண்டு முறை மடல் அனுப்பினேன்; இரண்டுக்கும் ‘டியர் எஸ்’ என்றே தானியங்கிப் பதில் வந்தது.

மார்ச் மாதம் வந்தால் மட்டும் கைபேசி ஓயாது. ‘31-ஆம் தேதிக்குள் கொடுங்கள், வரியைச் சேமியுங்கள்’ என்று இரண்டாம் ஆண்டில் ஏழு செய்திகள் வந்தன. ஆண்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்தால் அதில் பாதிக்குத்தான் விலக்கு. 20 சதவீத வரி கட்டுபவருக்கு, வரிமேல் வரியான செஸ்ஸையும் சேர்த்து, வரியில் மிஞ்சுவது 1,248 ரூபாய். அதற்காக ஒருவர் 12,000 ரூபாயைக் கொடுப்பார் என்று நினைப்பதே விசித்திரமாக இருக்கிறது. மேலும், 2023-24 முதல், பழையதுதான் வேண்டும் என்று கேட்காதவர்களுக்குப் புதிய வரிமுறையே இயல்பான முறையாகிவிட்டது. அதில் 80ஜி விலக்கு கிடையாது. நானும் அதற்கு மாறிவிட்டேன். நான் எதற்காகக் கொடுக்கிறேன் என்று ஒரு வரியில் கேட்டிருந்தால் அந்த ஏழு செய்திகளும் மிச்சமாகியிருக்கும்.

நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தை மறைக்கும் ஆசை எனக்கில்லை. வடலூரில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அரிசி மூட்டையை இறக்கிவைப்பவர், எரிகிற அடுப்பையும் உட்கார்ந்திருக்கும் பந்தியையும் கண்ணால் பார்த்துவிட்டே ஊர் திரும்பலாம். ஆட்டோபேவில் கொடுப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், அவருக்குப் பதிலாகப் பார்த்துச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு உண்டு. ஆண்டறிக்கை அந்த வேலையைச் செய்யாது. அதில் எல்லாக் குழந்தைகளும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் செயலியில் ஆட்டோபேவை நிறுத்தினேன். நிறுத்துவது எளிதாகவே இருந்தது. மறுநாள் காலை, இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக, அங்கிருந்து ஒரு மனிதக் குரல் கேட்டது. பேசிய பெண் காரணத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “பாதியாகவாவது தொடர முடியுமா சார்?” என்றார். கடந்த ஆண்டு எத்தனை மையங்கள் நடந்தன, இப்போது எத்தனை நடக்கின்றன என்று மட்டும் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னவர் மூன்றாம் நாள் உண்மையாகவே அழைத்தார். பதினான்கில் இரண்டை மூடிவிட்டார்களாம். ஒன்றில் ஆசிரியை திருமணமாகி வெளியூர் போய்விட்டார், மற்றொன்றில் யானை நடமாட்டத்தால் இருட்டிய பிறகு பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள், அதனால் அங்கே வகுப்பைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள். இதை ஏன் எங்களுக்கு எழுதுவதில்லை என்றேன். “மூடியதைச் சொன்னால் கொடுப்பவர்கள் நின்றுவிடுவார்கள் என்று பயம் சார்” என்றார்.

அன்று மாலையே ஐந்நூறு ரூபாய்க்கு மீண்டும் பதிவு செய்தேன், இம்முறை இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போட்டு. ரசீது வழக்கம்போல் சில நிமிடங்களில் வந்தது, என் பெயருக்கே. காலை வகுப்பு தொடங்கியதா என்பதற்கு இன்னும் மடல் வரவில்லை.