முறுக்கு ஸ்பிரிங்கா, இழுவை ஸ்பிரிங்கா?

டொராண்டோ பக்கம் ஜனவரி விடியற்காலையில் வீட்டுக்குள் 'டமார்' என்று சத்தம் கேட்டால், தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதோ என்றுதான் முதலில் பயம் வரும். எங்கள் வீட்டில் முறிந்தது கேரேஜ் கதவின் ஸ்பிரிங். கார் உள்ளே மாட்டிக்கொண்டது. மோட்டார் உறுமியதே தவிர கதவு ஒரு சாண்கூட எழும்பவில்லை.

கதவின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், மோட்டார் அல்ல. இரண்டு கார் அகலத்துக்கு வெப்பக் காப்பு வைத்த இரும்புக் கதவு 80 கிலோவைத் தாண்டிவிடும். நம் ஊர்க் கடை ஷட்டரும் இப்படித்தான். மேலே உருளைக்குள் ஸ்பிரிங் இருப்பதால்தான் கடைக்காரர் அவ்வளவு இரும்பையும் அலட்டிக்கொள்ளாமல் தள்ளி ஏற்றுகிறார்.

பலகை பலகையாக மடிந்து ஏறும் கேரேஜ் கதவில் ஸ்பிரிங் இரண்டு விதம். வாசலுக்கு மேலே சுவரோடு ஓடும் தண்டில் மாட்டியிருப்பது முறுக்கு ஸ்பிரிங். கதவு இறங்கும்போது அது முறுக்கேறும், ஏறும்போது அந்த முறுக்கு தண்டைச் சுழற்றும். தண்டின் இரு முனையிலும் உள்ள டிரம்கள் கதவில் மாட்டிய கேபிளைச் சுற்றி இழுக்கும். இழுவை ஸ்பிரிங், கூரையை ஒட்டிய தண்டவாளங்களின் பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும். கதவை மூடினால் நீளும், திறந்தால் சுருங்கும். ஸ்பிரிங்கையும் கதவையும் இணைக்கும் கேபிள் கப்பி வழியாக ஓடும்.

விலை என்று பார்த்தால் இழுவைதான் மலிவு. வாசலுக்கு மேலே இடம் குறைவான பழைய வீடுகளுக்கும் அது தோது. முறுக்குக்குப் பொதுவாக ஒரு அடி உயரமாவது வேண்டும். இல்லாவிட்டால் தண்டைப் பின்பக்கம் தள்ளி மாட்ட வேண்டும், செலவு ஏறும்.

ஆனால் கதவு ஏறுகிற அழகில் முறுக்கை மிஞ்ச முடியாது. ஒரே தண்டு இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கும். இழுவையில் ஒரு பக்கம் தளர்ந்தால் போதும், கதவு கோணிக்கொண்டு ஏறும், ரோலர்கள் தண்டவாளத்தில் உரசித் தேயும்.

முறியும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. முறுக்கு ஸ்பிரிங் முறிந்தாலும் துண்டுகள் தண்டிலேயே நிற்கும். இழுவை ஸ்பிரிங் முறிந்தால் சாட்டை மாதிரி பறக்கும், கார்க் கண்ணாடியோ தலையோ அதற்கு ஒன்றுதான். அதன் நடுவே ஒரு பாதுகாப்புக் கம்பியைக் கோத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது இழுவை என்றால் இன்றைக்கே போய் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்தக் கையால் மாற்ற ஆசையா? இழுவையாவது கதவை முழுக்கத் திறந்து முட்டுக் கொடுத்தால் தளர்ந்து நிற்கும், கை பழகியவர்கள் செய்துவிடுவார்கள். முறுக்கு ஸ்பிரிங்கை 7 அடிக் கதவுக்கு ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். ஏழரை என்ற கணக்கே போதாதா! அதற்கென்று உள்ள இரும்புக் கம்பிகள் இல்லாமல் ஸ்குரூடிரைவரைச் செருகி முறுக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு. இரண்டு வகையிலும் கதவின் கீழ் மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் தாங்கியை, ஸ்பிரிங்கில் விசை இருக்கும்வரை கழற்றவே கூடாது.

ஆயுளை வருஷத்தில் சொல்வதில்லை, ஏற்ற இறக்கத்தில் சொல்வார்கள். சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை என்பது கணக்கு. நாளுக்கு 4 முறை திறந்து மூடினால் ஏழு வருஷத்துக்குள் முடிந்துவிடும். முறுக்கில் தடித்த, நீளமான ஸ்பிரிங்காகக் கேட்டு வாங்கினால் அதை இரட்டிப்பாக்கலாம். கூடுதல் விலை இரண்டாவது முறை ஆள் கூப்பிடும் கூலியைவிடக் குறைவுதான்.

எங்கள் வாசலுக்கு மேலே இடம் இருந்ததால் மறுபடி முறுக்கையே போட்டோம், தடித்த ரகமாக. எங்கள் தண்டில் இருந்தவை இரண்டு ஸ்பிரிங். முறிந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். ஒரே நாளில் மாட்டியவை, இரண்டும் அதே அளவு உழைத்தவைதானே.