பினாங்கா, கிள்ளானா, சிங்கப்பூரா? சுங்கை சிப்புட்டிலிருந்து உல்லாசக் கப்பல் ஏறுவோருக்கு ஒரு மதிப்பீடு

உல்லாசக் கப்பல் பயணத்தை விற்கும் முகவர்கள் கப்பலின் நீச்சல் குளத்தையும் நாடக அரங்கையும் மாடத்துடன் கூடிய அறையையும் படம் காட்டி விலை சொல்கிறார்களே தவிர, அந்தக் கப்பல் நிற்கும் துறைக்கு நாம் எப்படிப் போய்ச் சேரப்போகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. ஜொகூர் பாருவில் குடியிருப்பவருக்கு அது ஒரு பொருட்டில்லாமல் இருக்கலாம். ஆனால் பேராக்கில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரிலிருந்து, முழங்கால் வலியுள்ள பெற்றோரையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பெட்டிகளோடு புறப்படும் குடும்பத்துக்குப் பயணத்தின் பாதிச் செலவும் முக்கால்வாசிக் களைப்பும் தரையிலேயே இருக்கின்றன. ஆகவே இந்த மதிப்பீடு கப்பலைப் பற்றியது அன்று. நமக்கு எட்டக்கூடிய மூன்று துறைகளான பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் துறை, கிள்ளான் துறைமுகத்தின் இண்டா தீவு முனையம், சிங்கப்பூர் ஆகியவற்றைப் பற்றியது. மூன்றிலும் குடும்பத்தோடு ஏறியும் இறங்கியும் பார்த்ததால் எழுதுகிறேன்.

முதலில் சிங்கப்பூரை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன என்பதால் பெரும்பாலானோர் யோசிக்காமல் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ரோயல் கரிபியன் நிறுவனத்தின் பெரிய கப்பல்கள் பருவத்துக்கு ஒன்றாக அங்கு வந்து தங்கி ஓடுகின்றன. ரிசோர்ட்ஸ் வோர்ல்ட் குரூசஸ் நிறுவனத்தின் கெந்திங் டிரீம் 2022 ஜூன் மாதத்திலிருந்து அங்கிருந்து ஓடுகிறது. டிஸ்னியும் தன் பங்குக்கு ஒரு கப்பலை அங்கே அமர்த்தியிருக்கிறது. கப்பல்களின் எண்ணிக்கையிலும் புறப்படும் நாள்களின் வசதியிலும் மற்ற இரண்டு துறைகளும் சிங்கப்பூருக்கு அருகில் வர முடியாது. நான்கு ஐந்து இரவுகளுக்கு மேல் கடலில் இருக்க வேண்டும், வியட்நாம் அல்லது பேங்காக் பக்கம் போக வேண்டும் என்று விரும்புவோருக்கு வேறு வழியும் இல்லை.

சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு என்பதைப் பயணச் சீட்டு வாங்கும்போதே மனத்தில் நிறுத்த வேண்டும். ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் பழைய முனையம் விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; லிட்டில் இந்தியாவிலிருந்து அதே வடகிழக்கு எம்ஆர்டி ரயில் தடத்தில் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். ஆனால் செந்தோசாவுக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி அந்தக் கடல்வழிக்கு மேலே போவதால் மிக உயரமான கப்பல்கள் அங்கே நுழைய முடியாது. அவற்றுக்காகவே 2012ஆம் ஆண்டில் மரினா பே முனையம் திறக்கப்பட்டது. அதற்கு அருகில் உள்ள நிலையம் மரினா சவுத் பியர். வடக்கு தெற்குத் தடத்தின் கடைசி நிலையம். அது நமக்கு ஒருவகையில் அனுகூலம்தான்: உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடந்து உட்லண்ட்ஸ் நிலையத்தில் ஏறினால், அதே வண்டியிலேயே கடைசி வரை உட்கார்ந்து போகலாம். நிலையத்திலிருந்து முனையத்துக்குச் சற்று நடக்க வேண்டும். பெரிய பெட்டியோடு அந்த நடை கொஞ்சம் நீளமாகவே தெரியும்.

சிரமம் உட்லண்ட்ஸுக்கு முன்னால்தான் இருக்கிறது. நம் ஊரிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து இரவுப் பேருந்து எடுத்தால் விடியற்காலையில் ஜொகூர் பாலத்தில் நிற்போம். அங்கே மலேசியக் குடிநுழைவுக்கு ஒருமுறை, சிங்கப்பூர்க் குடிநுழைவுக்கு ஒருமுறை என்று பெட்டிகளையும் இறக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். பள்ளி விடுமுறையிலும் தீபாவளி வாரத்திலும் அந்த வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கப்பலோ யாருக்காகவும் காத்திருக்காது. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பாகவே பயணிகள் பதிவை மூடிவிடுவது கப்பல் நிறுவனங்களின் வழக்கம். அதனால் அறிவுள்ளவர்கள் முதல் நாளே போய் அங்கே தங்குகிறார்கள். சிங்கப்பூர் வெள்ளியில் ஓர் இரவு விடுதிச் செலவு அங்கேயே கூடிவிடுகிறது. ஈப்போ விமான நிலையத்திலிருந்து ஸ்கூட் விமானத்தில் போவது இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும் என்றாலும், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெட்டிக் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவாக வாங்கிய கப்பல் சீட்டின் மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று இரவுப் பயணங்களில் பல, மலாக்கா நீரிணை வழியாக வடக்கே வந்து கிள்ளானிலும் பினாங்கிலும் நின்று திரும்புகின்றன. அதாவது, பட்டர்வொர்த்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய நாம், தெற்கே 600 கிலோமீட்டர் போய், இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் கடந்து, கப்பலேறி, மறுபடியும் பினாங்குக்கே வந்து கொம்தார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். காசு கொடுத்துச் சுற்றிக்கொண்டு வருவது என்றால் இதுதான். சுங்கை சிப்புட், கோல கங்சார், தைப்பிங் பக்கத்து மக்கள் இந்தப் பாதையைச் சிங்கப்பூரிலிருந்து வாங்கவே கூடாது என்பது என் திடமான கருத்து.

கிள்ளானில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. கெந்திங் டிரீம் போன்ற கப்பல்கள் சில பயணங்களில் கிள்ளானில் நிற்கும்போது அங்கேயே புதிய பயணிகளை ஏற்றிக்கொள்கின்றன. அதே கப்பல், அதே பாதை, ஆனால் வட்டத்தின் நடுவில் ஏறி நடுவிலேயே இறங்குகிறோம். அப்போது சிங்கப்பூர் நமக்கு ஏறும் ஊராக இல்லாமல், இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஊராக மாறிவிடுகிறது. ஜொகூர் பாலத்து வரிசை இல்லை; பெட்டிகள் அறையிலேயே கிடக்கின்றன; கடப்பிதழையும் ஒரு கைப்பையையும் எடுத்துக்கொண்டு முனையத்தில் குடிநுழைவைக் கடந்து, சிராங்கூன் சாலையில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். அம்மாவைப் போன்றவர்களுக்கு இதுவே சிங்கப்பூரைப் பார்க்க ஏற்ற வழி. சிங்கப்பூரில் இறங்குவோர் அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் கிள்ளான் முனையம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோமுட்டர் ரயில் போய் முடியும் கிள்ளான் துறைமுகம் நிலையத்தில் இறங்கினால் கப்பல் கண்ணில் படாது. அந்த நிலையத்துக்கு எதிரே இருப்பது கெத்தாம் தீவுக்குச் செல்லும் படகுத்துறை. உல்லாசக் கப்பல் முனையம் இண்டா தீவில், கொள்கலன் கப்பல்கள் நிற்கும் வெஸ்ட்போர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. நிலையத்திலிருந்து பாலத்தைக் கடந்து வாடகைக் காரில் போக வேண்டிய தொலைவு. 1990களில் ஸ்டார் குரூசஸ் காலத்தில் எழுந்த முனையம் அது. பிறகு பௌஸ்டெட் குரூஸ் சென்டர் என்ற பெயரில் அறியப்பட்டதால், பழைய பெயரைச் சொன்னால்தான் சில ஓட்டுநர்களுக்குப் புரிகிறது. சுற்றுவட்டாரத்தில் கடை, உணவகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கொள்கலன் லோரிகளுக்கு நடுவே போகும் சாலை. காலை வேளையில் நெரிசல். இறங்கி வரும் நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிராப் தேடுவதால் வண்டி கிடைக்க நேரமாகும், கட்டணமும் ஏறும். ஆகவே கிள்ளானைத் தேர்ந்தெடுப்பவர்கள் உறவினர் ஒருவரையோ நம் ஊர் வேன்காரர் ஒருவரையோ போவதற்கும் வருவதற்கும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் எடுத்தால் ஏறக்குறைய 270 கிலோமீட்டர் பயணம் தலைக்கு அதிகம் ஆகாது. முதல் நாளே போகிறவர்கள் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் தங்கினால் சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை, மறந்துவிட்ட சாமான்களையும் வாங்கிக்கொள்ளலாம்.

நம் முன்னோர்களில் பலர் ராஜுலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் படுத்து வந்து இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. என் அப்பா இந்தப் பேச்சைத் தொடங்கினால் முனையத்தில் காத்திருக்கும் நேரம் போவதே தெரியாது என்பதையும் இத்துறையின் வசதிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பினாங்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு: அங்கே ஏறுவதற்குக் கிடைக்கும் பயணங்கள் குறைவு. கப்பல்கள் வந்து போவது அதிகம் என்றாலும், அவற்றில் பல ஒரு பகல் நின்று தங்கள் பயணிகளைச் சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விடுகின்றன. புதியவர்களை ஏற்றிக்கொள்ளும் நாள்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. எனவே முகவரிடம் ‘பினாங்குக்குப் போகும் கப்பல் இருக்கிறதா’ என்று கேட்பதில் பயனில்லை. ‘பினாங்கில் ஏறி பினாங்கிலேயே இறங்க முடியுமா’ என்று கேட்க வேண்டும். முடியும் என்று பதில் வந்தால், விலையில் ஓரளவு கூடுதல் இருந்தாலும் மறுயோசனை இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

காரணம், வேறு எந்தத் துறையும் ஊருக்குள் இப்படி அமைந்திருக்கவில்லை. சுங்கை சிப்புட் நிலையத்தில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கலாம். நிலையத்தை அடுத்தே படகுத்துறை. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய பெர்ரிகள் கார்களை ஏற்றுவதில்லை என்பதால், சொந்தக் காரில் போகிறவர்கள் அதைப் பாலத்தின் வழியாகத்தான் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். ரயிலில் போகிறவர்களுக்கோ அந்தக் கவலையே இல்லை. தீவுக் கரையில் இறங்கினால் ஸ்வெட்டன்ஹாம் துறை அதே கடற்கரைச் சாலையில், பெட்டியை உருட்டிக்கொண்டே நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு வாடகைக் கார் சில நிமிடப் பயணம். முனையத்தின் வாசலிலேயே மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும். இன்னும் சற்று உள்ளே போனால் பெனாங் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் நம் கடைகள். குவீன் ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் கோயில். காலையிலேயே வந்துவிட்டால் கோயிலுக்குப் போய்விட்டு, வாழையிலைச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் கப்பலேறலாம். திரும்பும் நாளிலும் கப்பல் காலையில் கரை சேர்ந்தால், பிள்ளைகள் மாலையில் சுங்கை சிப்புட்டில் தங்கள் வீட்டில் இருப்பார்கள். விடுப்புக் கணக்கிலும் இது பெரிய வேறுபாடு: மூன்று இரவுக் கப்பலுக்குச் சிங்கப்பூர் வழியென்றால் முன்னும் பின்னும் நாள்களைச் சேர்க்க வேண்டும், பினாங்கு என்றால் கப்பல் நாள்கள் மட்டுமே. தைப்பூசக் காலத்தில் மட்டும் ரயிலும் விடுதிகளும் நிரம்பிவிடும்.

கடலின் நிலையையும் துறையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். சிங்கப்பூரிலிருந்து கிழக்கே போகும் பயணங்களில் அதன் ஆட்டம் தெரியும். கிள்ளான், பினாங்கு, புக்கெட் என்று மேற்குக் கரையோரம் ஓடும் கப்பல்களுக்குத் தீபகற்பமே மறைப்பாக நிற்பதால், ஆண்டிறுதி விடுமுறையில் வயிற்றைக் குமட்டும் தொல்லை உள்ளவர்கள் நீரிணைப் பயணத்தை எடுப்பதே நல்லது. ஆண்டின் மற்ற மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை சற்று நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். பெரிய கப்பலில் தூங்குகிறவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

விலையைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் வரும் தொகை ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு உரியது. துறைமுகக் கட்டணமும் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் பணியாளர் அன்பளிப்பும் அதற்குமேல் வரும். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகளைச் சேர்த்தால் அறைக் கட்டணம் குறையலாம், துறைமுகக் கட்டணம் குறையாது. சிங்கப்பூரில் ஏறும் பயணத்தில் இவை சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கிடப்படுவதால், மூன்று துறைகளின் விலையையும் ரிங்கிட்டுக்கு மாற்றி, வேன், ரயில், விடுதி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும். கிள்ளானில் ஏறினாலும் அடையாள அட்டை போதாது; குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ் எல்லாருக்கும் வேண்டும். தாத்தா பாட்டியோடு மட்டும் பேரப்பிள்ளைகளை அனுப்புவதாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் தேவைப்படும் என்பதால், அதையும் பயணச் சீட்டோடு சேர்த்தே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு என் வரிசை பினாங்கு, கிள்ளான், அப்புறம்தான் சிங்கப்பூர். புதுமணத் தம்பதிகளும், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இரவுப் பேருந்தில் தூங்கத் தெரிந்த இளைஞர்களும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டாலும் தவறில்லை. நீண்ட பயணங்களும் பெரிய கப்பல்களும் சிங்கப்பூரில்தான் இருக்கின்றன. பினாங்கில் ஏறும் தேதி ஒன்று கிடைத்துவிட்டால், கப்பலுக்குப் பணம் கட்டிய கையோடு இ.டி.எஸ். சீட்டையும் பாருங்கள், விடுமுறைக் காலத்தில் முதலில் தீர்ந்துபோவது கப்பல் அறை அன்று, பட்டர்வொர்த் ரயிலில் குடும்பம் சேர்ந்து உட்காரும் இடம்தான்.